பையோடு திரிபவரும் ஒப்பந்தம் முடிப்பவரும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியில், மாத்தளைப் பொது வைத்தியசாலையிலும் தம்புள்ளை ஆதார வைத்தியசாலையிலும், அவற்றைச் சுற்றியுள்ள இரத்தோட்டை, நாவுல, கலேவெல முதலிய ஊர்களின் மருந்துக் கடைகளிலும் மோட்டார் சைக்கிளில் ஏறியிறங்கும், மருத்துவக் கருவி விற்கும் இளம் ‘ரெப்’பின் உத்தியோகம் விற்பனை என்று பெயர் பெற்றிருந்தாலும், உண்மையில் அதில் பாதி போதனையே. நக்கிள்ஸ் மலையடிவாரத்து ஈரக்காற்றில் சீனி பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பியை மூடாமல் வைத்தால் அளவு பிழைக்கும் என்பதையும், பருத்த கையிலே சிறிய பட்டியைச் சுற்றினால் இரத்த அழுத்தம் இல்லாத உயரத்தைக் காட்டும் என்பதையும் தாதியருக்குப் பொறுமையோடு சொல்லிக்கொடுப்பவர் அவரே. ஆனால் மாத முடிவில் ‘டார்கெட்’ கணக்குப் பார்க்கும்போது அந்த உபகாரம் எந்தப் பத்தியிலும் ஏறுவதில்லை.

சில வருஷங்களில் அவர் முகாமையாளராகிவிட்டால், கார், கொழும்பு அலுவலகம், கீழுள்ளவர்களின் விற்பனையிலும் ஒரு பங்கு, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க மருந்து ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்கீழ்க் கருவிகளைப் பதிவுசெய்யும் காரியம், டென்டர் என்று வாழ்க்கையே வேறாகிவிடுகிறது. அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. என் கவலையெல்லாம், அந்த உயரத்திலிருந்து முடிக்கப்படும் ஒருவகை ஒப்பந்தத்தைப் பற்றியது.

இரத்தம் பரிசோதிக்கும் யந்திரத்தைத் தனியார் ஆய்வுகூடத்தில் இலவசமாக வைத்துவிட்டு, அதற்குரிய இரசாயனத் திரவத்தைத் தங்கள் கம்பெனியிடமே பல ஆண்டுகள் வாங்கவேண்டும் என்று கட்டிவிடுகிறார்கள். வேறு திரவத்தை அந்த யந்திரம் ஏற்காது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றி இறக்குமதிகள் தடுமாறியதைக் கண்ட பின்னும் இந்தக் கட்டு எத்தனை ஆபத்தானது என்பதை நாம் உணராதிருக்கலாமா? திரவம் தீர்ந்த நாளில், சிறுநீரக நோய் பரவியிருக்கும் வில்கமுவப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த விவசாயியின் கிரியாட்டினின் பரிசோதனை நின்றுபோனால், ஆய்வுகூடத்தார் கேள்வி கேட்பது ஒப்பந்தம் முடித்த மூத்தவரையல்ல, வாசலில் பையோடு வந்து நிற்கும் இளையவரைத்தான். அவரிடமோ சமாதான வார்த்தையைத் தவிர வேறு அதிகாரம் எதுவுமில்லை.

இலவசமாக வைக்காவிட்டால் சிறிய ஊருக்கு அந்த யந்திரமே வந்திராது என்று மூத்தவர்கள் சொல்வதிலும் நியாயமுண்டு. ஆயினும் ஒப்பந்தம் பேசும் மேசையிலே அந்த ஏரியாவின் ரெப்பையும் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளரையும் உட்காரவைத்து, எத்தனை மாதத்துக்கான திரவம் மாத்தளையிலேயே கையிருப்பாக இருக்கும், அது வராதுபோனால் பரிசோதனைகளை எங்கே, யார் செலவில் செய்விப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கேனும் எழுத்தில் விடை பெற்ற பிறகே கையொப்பம் இடவேண்டும்.