காரில் புதிய ரேடியோ: மூன்று வயர்களும் ஒரு பியூஸும்

நம் பகுதியில் வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் நடத்தும் சகோதரர்கள் பலர் உள்ளனர். பழைய கார் வாங்கியதும் பெரும்பாலோர் முதலில் மாற்றுவது அதிலுள்ள ரேடியோவைத்தான். கடையில் நல்ல செட் ஒன்றை வாங்கி, தெரிந்த பையனிடம் கொடுத்து அரை மணி நேரத்தில் பொருத்திவிடுகிறார்கள். பாட்டும் செய்தியும் கேட்கின்றன. வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். விமான நிலையத்துக்குச் சவாரி ஏற்றப் போகும் அதிகாலையில் செல்ஃப் எடுக்காதபோதுதான் வேலை சரியாக நடக்கவில்லை என்று தெரிகிறது. சில வண்டிகளில் டேஷ்போர்டுக்குள் வயர் கருகி, புகையே கிளம்பிவிடும். நல்ல செட் வாங்கியிருந்தும் இப்படி நடப்பதற்கு, அதற்கு மின்சாரம் கொடுத்த முறையே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

இந்த வேலையைக் கற்கும் இளைஞர்களுக்கும், வேலையைப் பிறரிடம் கொடுத்துவிட்டுப் பணம் தரும் வண்டி உரிமையாளர்களுக்கும் பயன்படும்படி அடிப்படையை இங்கே விளக்குகிறோம்.

ஒரே செட்டுக்கு ஏன் இரண்டு மின்சாரம்?

கடையில் கிடைக்கும் பெரும்பாலான செட்டுகளின் பின்புறம் வரும் வயர்க் கற்றையில், மின்சாரத்துக்கான முக்கிய வயர்கள் மூன்று: மஞ்சள், சிவப்பு, கறுப்பு. வீட்டு ஒயரிங் பழகியவர்கள் சிவப்பைப் பார்த்ததும் இதுதான் பிரதான லைன் என்று நினைப்பார்கள். கார் ரேடியோவில் அப்படியல்ல.

மஞ்சள் வயருக்கு பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எப்போதும் வந்துகொண்டிருக்க வேண்டும். சாவியை எடுத்த பிறகும் கடிகாரத்தையும், நாம் சேமித்து வைத்த நிலையங்களையும் செட் மறக்காமல் இருப்பது இதனால்தான். பெரும்பாலான செட்டுகளில் ஒலியைப் பெருக்கும் பகுதிக்கான முழு கரண்டும் இந்த வயர் வழியாகவே போகிறது.

சிவப்பு வயருக்கு, சாவியை ஏ.சி.சி. நிலைக்குத் திருப்பிய பிறகே 12 வோல்ட் வர வேண்டும். இது செட்டுக்கு, ‘இப்போது விழித்துக்கொள், இப்போது தூங்கு’ என்று சொல்லும் கட்டளை போன்றது. இதில் போகும் கரண்ட் மிகக் குறைவு. சுருக்கமாகச் சொன்னால், மஞ்சள் சாப்பாடு, சிவப்பு கட்டளை.

கறுப்பு வயர் எர்த். அது வண்டியின் உலோக உடலோடு சேர வேண்டும்.

வயர் மாறினால் என்ன ஆகும்?

மஞ்சளும் சிவப்பும் இடம் மாறிவிட்டால், சாவியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் கடிகாரமும் நிலையங்களும் அழிந்துபோகும். இரண்டையும் சேர்த்து ஏ.சி.சி. லைனில் கொடுத்தாலும் இதே கதிதான்.

இரண்டையும் சேர்த்து பேட்டரி லைனில் கொடுப்பதே நாம் மிகவும் அஞ்ச வேண்டிய தவறு. வேலை எளிது என்பதால் சிலர் இப்படிச் செய்துவிடுகிறார்கள். சாவியை எடுத்தாலும் செட் தூங்காது. திரையை அணைத்து வைத்தாலும் உள்ளே அது விழித்தே இருக்கும். சிறிய கார்களில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி சாதாரணமாகக் காணப்படுவது. செட் 1 ஆம்பியர் மட்டும் இழுத்தாலும், இரவு 12 மணி நேரத்தில் 12 ஆம்பியர்-மணி போய்விடும். அதாவது பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு. புதிய பேட்டரி அதைத் தாங்கலாம். இரண்டு மூன்று வருடம் ஓடிக் களைத்த பேட்டரி தாங்காது. உரிமையாளரோ பேட்டரிதான் கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்றை வாங்குவார். சில மாதங்களில் அதுவும் பலவீனமாகிவிடும்.

நோயாளிகளை ஏற்றிச் செல்லும் வண்டிகளில் இது பணத்தோடு போகும் விஷயமல்ல. நள்ளிரவில் பிரசவத்துக்கு அழைப்பு வரும்போது வண்டி உடனே கிளம்பியாக வேண்டும்.

நிறத்தை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள்

மேலே சொன்ன நிறங்கள் புதிய செட்டின் வயர்களுக்கு உரியவை. காரிலிருந்து வரும் வயர்களின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். எனவே மஞ்சளை மஞ்சளோடும் சிவப்பைச் சிவப்போடும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கக் கூடாது.

ஐ.எஸ்.ஓ. 10487 என்ற தர அளவின்படி அமைந்த 8 முனை மின் கப்ளரில் 4-ஆம் முனை நிரந்தர மின்சாரம், 7-ஆம் முனை சாவி மின்சாரம், 8-ஆம் முனை எர்த். ஆனால் வோக்ஸ்வேகன் குழும வண்டிகள் பலவற்றில் 4-உம் 7-உம் இடம் மாறியிருக்கும். தர அளவு இருக்கும் இடத்திலேயே இப்படியென்றால், சோதிக்காமல் எதையும் இணைக்க முடியாது என்பது விளங்கும்.

சோதிக்கும் முறை எளிது. மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி. நிலையில் வைத்து, கறுப்பு முனையை பெயின்ட் இல்லாத உலோகத்தில் வையுங்கள். சாவி இல்லாதபோதே 12 வோல்ட் காட்டும் வயர் மஞ்சளுக்கு உரியது. சாவியை ஏ.சி.சி.க்குத் திருப்பியதும் 12 வோல்ட் காட்டி, திருப்பி எடுத்ததும் பூஜ்யமாகும் வயர் சிவப்புக்கு உரியது. ஹெட்லைட்டைப் போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயர், பொத்தான்களுக்கு ஒளி தருவதற்கானது. அதைத் தவறாகச் சிவப்போடு சேர்த்தால் ரேடியோ இரவில் மட்டுமே பாடும்.

சிவப்பை ஏ.சி.சி.யில் தராமல் இக்னிஷன் ‘ஆன்’ லைனில் தருவதும் நல்லதல்ல. நிறுத்திய வண்டியில் செய்தி கேட்க வேண்டுமானால்கூட இக்னிஷனைப் போட்டே வைக்க வேண்டும். மற்ற சர்க்யூட்டுகளும் வீணாக மின்சாரம் இழுத்துக்கொண்டிருக்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, டேஷ்போர்டுக்குள் மஞ்சள் உறையோ மஞ்சள் கப்ளரோ உள்ள வயர்கள் ஏர்பேக்குக்கு உரியவையாக இருக்கலாம். அவற்றில் மீட்டரையும் வைக்கக் கூடாது, டெஸ்ட் லேம்பையும் வைக்கக் கூடாது. இரண்டாவது, புதிய வண்டிகள் சிலவற்றில் ரேடியோ கப்ளரில் ஏ.சி.சி. வயரே இருக்காது. ‘விழித்துக்கொள்’ என்ற கட்டளை, தகவல் வயர் வழியாகக் கணினிச் சைகையாக வரும். அத்தகைய வண்டிக்கென்று விற்கும் அடாப்டரை வாங்கியே பொருத்த வேண்டும். தகவல் வயரில் எதையும் ஒட்டுப்போடக் கூடாது.

பியூஸ் காப்பது வயரை

பியூஸ் செட்டைக் காப்பாற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் முதல் வேலை வயரைக் காப்பதுதான். வயர் உரசி உலோகத்தைத் தொட்டுவிட்டால் பேட்டரி தன்னிடமுள்ள கரண்டை எல்லாம் அதன் வழியே கொட்டிவிடும். பியூஸ் உருகி நின்றால் பத்து ரூபாய்ப் பொருளோடு நஷ்டம் முடிந்தது. உருகாவிட்டால் வயர் தீப்பிடிக்கும்.

செட்டுக்கு வழக்கமாக 10 அல்லது 15 ஆம்பியர் பியூஸ் இருக்கும். செட்டின் பின்புறமோ அதன் குறிப்பேட்டிலோ எழுதியுள்ள அளவே சரியானது. தட்டைப் பியூஸ்களில் 10 ஆம்பியர் சிவப்பு, 15 ஆம்பியர் நீலம், 20 ஆம்பியர் மஞ்சள், 30 ஆம்பியர் பச்சை. பியூஸ் அடிக்கடி போகிறதென்றால் எங்கோ பழுது இருக்கிறது என்று பொருள். அதற்குப் பெரிய பியூஸ் போடுவதும், செம்புக் கம்பியையோ சிகரெட் பெட்டியின் ஈயத்தாளையோ சுற்றி வைப்பதும் வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

‘பெட்டியில் 50 வாட் நான்கு என்று போட்டிருக்கிறதே, 10 ஆம்பியர் போதுமா?’ என்று கேட்பார்கள். எஞ்சின் ஓடும்போது சுமார் 14 வோல்ட் கிடைக்கிறது. அதை 10 ஆம்பியரால் பெருக்கினால் 140 வாட். அப்படியிருக்க 200 வாட் ஒலி தொடர்ந்து எப்படி வரும்? பெட்டியில் போட்டிருப்பது கண நேர உச்ச அளவு. தனி ஆம்ப்ளிஃபயர் வைப்பவர்கள் அதை ரேடியோ வயரிலிருந்து எடுக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் அதற்கென்று ஒரு பியூஸ் வைக்க வேண்டும்.

இணைக்கும் ஒழுங்கு

வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். சோதனை முடிந்து, இணைக்கத் தொடங்கும்போதும் அது கழன்றே இருக்க வேண்டும். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் வண்டி உடலைத் தொட்ட கணமே பெரும் தீப்பொறி பறக்கும். பழைய கம்பெனி ரேடியோவைத் திரும்பப் பயன்படுத்தும் எண்ணமிருந்தால், அதற்குரிய ரகசிய எண் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

காரின் அசல் கப்ளரை வெட்டாதீர்கள். அந்த மாடலுக்கென்று கிடைக்கும் அடாப்டர் கப்ளரை வாங்கி, அதன் வயர்களைச் செட்டின் வயர்களோடு சேருங்கள். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது போதாது. நம் ஊர் மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் டேப்பின் பசை இளகி, ஒட்டு வெளியே வந்துவிடும். ஈயப்பற்று வைத்தோ கிரிம்ப் செய்தோ, சூடாக்கினால் சுருங்கும் ஸ்லீவ் போடுவதே சரி. வயரை நீட்ட நேர்ந்தால் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் 1.5 சதுர மி.மீ.க்குக் குறையாத, பல இழைச் செம்பு வயரைப் பயன்படுத்துங்கள்.

எர்த் வயரை பெயின்ட் சுரண்டிய உலோகத்தில் போல்ட் வைத்து இறுக்க வேண்டும். எர்த் சரியில்லையென்றால் ஒலி விட்டுவிட்டுக் கேட்கும். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு ஊளைச் சத்தமும் வரலாம்.

நீல வயரும், நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயரும் செட்டிலிருந்து வெளியே மின்சாரம் தருபவை. அவை ஆன்டெனாவுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் உரியவை. அவற்றில் 12 வோல்ட் கொடுத்தால் செட் கெடும். தேவையில்லையென்றால் தனித்தனியே நுனியை மூடிவிடுங்கள்.

லாரியும் பேருந்தும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவற்றில் 24 வோல்ட். கார் செட்டுக்காக இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால், அந்த பேட்டரி மட்டும் இறங்கி இரண்டும் கெடும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் தேவை.

வண்டியைத் திரும்ப வாங்குமுன்

பொருத்தியவரிடம் நான்கு விஷயங்களைப் பார்த்துக் கேளுங்கள். சாவியை எடுத்ததும் செட் முழுதாக அணைகிறதா? மறுபடி போட்டால் கடிகாரம் சரியாக இருக்கிறதா? பியூஸ் எத்தனை ஆம்பியர், எங்கே இருக்கிறது? அசல் கப்ளர் வெட்டாமல் இருக்கிறதா?

சந்தேகமிருந்தால், எல்லாக் கதவுகளையும் பூட்டி, பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் வயருக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். வண்டியின் கணினிகள் அடங்க அரை மணி நேரம் விடவேண்டும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. மீட்டர் நடுவே இருக்கும்போது இக்னிஷனைப் போடக் கூடாது. செல்ஃப் அடிக்கவே கூடாது.

தொழில் கற்கும் தம்பிகளுக்கு: உங்களிடம் விடப்படும் வண்டி ஓர் அமானிதம். அதை நம்பி ஒரு வீட்டில் மறுநாள் அடுப்பு எரிகிறது. மீட்டர் வைத்துப் பார்க்க ஆகும் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.