கீழே ஏறி மேலே இறங்கும் தண்ணீர்

சங்கத்துப் பிள்ளைகளில் பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் படிக்கிறவர்கள் என்னைக் கண்டால் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மாமா, லீபிக் கண்டென்சரில் தண்ணீரை ஏன் கீழே விட்டு மேலே எடுக்கிறோம்?" தில்லிக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் வெகுகாலம் இருந்தவன் என்ற உரிமையில் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

கண்டென்சர் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குழாய்கள். உள்ளே ஆவி, வெளியே தண்ணீர். (லீபிக் பெயரில் வழங்கினாலும் 1771-லேயே இதை அமைத்தவர் வைகல் என்ற ஜெர்மானியர். லீபிக் பிரபலமாக்கினார், பெயர் ஒட்டிக்கொண்டது!) தண்ணீரை மேலே விட்டால் உறை நிரம்பாமல் ஓடிவிடும், சூடான கண்ணாடியில் திடீரெனப் பட்டு விரிசலும் விழலாம். கீழிருந்து ஏறினால் உறை நிரம்பி நிற்கும்.

இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவி பட்டவர்களுக்குத் தெரியும், அது வெந்நீரைவிடக் கொடுமையாகச் சுடும். ஒரு கிராம் நீராவி நீராக மாறும்போது மட்டும் சுமார் 540 கலோரியை விடுகிறது. அந்தச் சூட்டைச் சுமந்து செல்வதுதான் வெளியே ஓடும் தண்ணீரின் வேலை. ஒரு லிட்டர் வடிக்க, ஓடும் நீர் 20 டிகிரி சூடேறினால் 27 லிட்டர் போதும். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு 5 டிகிரிதான் ஏறுகிறதென்றால் 108 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. டேங்கர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும் ஊரில் இதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். கூலரில் போடும் சிறு பம்பை 20 லிட்டர் வாளியில் இறக்கி அதே நீரைச் சுழல விட்டால், அரை லிட்டர் வடிந்து முடியும்போது வாளி சுமார் 15 டிகிரிதான் சூடாகியிருக்கும்.

ஈதர் வடிக்கும்போது மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். அதன் கொதிநிலை சுமார் 35 டிகிரி. மே, ஜூன் மாதங்களில் தில்லி மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே அதைத் தாண்டிவிடும். அந்த நீரில் ஈதர் ஆவி எப்படிக் குளிரும்? குளிராத ஆவி காற்றைவிடக் கனமானது. மேஜையோடு தவழ்ந்து போய், நான்கடி தள்ளி எரியும் பர்னரில் பற்றிக்கொள்ளும். ஆகவே வாளியில் ஐஸ் போட வேண்டும், பக்கத்தில் நெருப்பே கூடாது, கரண்ட் போய்ப் பம்பு நின்றால் முதலில் குடுவையின் அடியிலுள்ள வெந்நீரை அகற்ற வேண்டும்.