சோற்றைத் துறப்பதா, அளவோடு உண்பதா?



சேத்தியாத்தோப்பில் ஓர் உறவினர் இல்லத்து வலீமா விருந்து. ஸஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்திருந்தனர். அவர்களுள் இருவர் உடன்பிறந்தோர். இருவருக்கும் நீரிழிவு நோய். அண்ணன் பிரியாணிச் சோற்றை ஒதுக்கிவிட்டு இறைச்சியை மட்டும் எடுத்து உண்டார். தம்பியோ, "எல்லாம் அளவோடுதான்" என்று கூறிக்கொண்டே மூன்றாம் முறையாகச் சோறு வாங்கினார். பின்னர் வட்டலப்பத்துக்கும் கை நீட்டினார்.

"அண்ணே, நம் அத்தா ஆயுள் முழுதும் சோறுதானே உண்டார்? அவருக்கு இந்த நோய் வந்ததா?" என்றார் தம்பி.

"அத்தா வயலில் உழைத்தார். நீ கடையில் நாற்காலியை விட்டு எழுவதில்லை" என்றார் அண்ணன்.

பந்தியில் சிரிப்பு எழுந்தது. ஆனால் அடுத்த மாதம் யாரும் சிரிக்கவில்லை. ஒரு நாள் ஃபஜ்ருத் தொழுகைக்கு எழுந்த அண்ணன், உடல் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறிச் சுவரோரம் சாய்ந்துவிட்டார். வீட்டார் சர்க்கரை கரைத்த நீரைப் புகட்டிய பின்னரே தெளிவடைந்தார். சோற்றை அறவே நிறுத்தியவர், சோறு உண்ட காலத்தில் தந்த அதே அளவு மாத்திரையை விடாது விழுங்கி வந்திருக்கிறார்! தம்பிக்கோ காலில் ஏற்பட்ட சிறு புண் இரண்டு மாதங்களாகியும் ஆறவில்லை.

இவ்விருவரில் யார் கூறியது சரி? இன்று நம் இல்லங்கள் பலவற்றில் எழும் வினா இதுவே அன்றோ?

பழைய வழக்கு

மாவுச்சத்தைக் குறைத்து இறைச்சி, முட்டை, கொழுப்பு ஆகியவற்றை மிகுதியாக உண்பது புதுமையன்று. 1797-ஆம் ஆண்டிலேயே ஜான் ரோலோ என்னும் பிரிட்டிஷ் இராணுவ மருத்துவர் நீரிழிவு நோயாளிக்கு இறைச்சி உணவை விதித்தார். 1921-இல் இன்சுலின் கண்டறியப்படும் வரை, கடுமையான உணவுக் கட்டுப்பாடு ஒன்றே மருத்துவர்கள் கையில் இருந்த கருவி.

நம் தமிழகத்தில் வரலாறு வேறு திசையில் சென்றது. 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கிய பேராசிரியர் மா. விசுவநாதன், சோறுண்ணும் மக்களிடம் சோற்றைப் பறிப்பது நடவாது என்பதைக் கண்டார். தானியமும், நார்ச்சத்து மிகுந்த பருப்பு, காய், கீரையும் கொண்ட உணவையே அவர் பரிந்துரைத்தார்.

பின்னர் 1985-இல் ஈட்டன், கோனர் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் கற்கால மனிதனின் உணவைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். 2002-இல் லோரன் கோர்டைன் எழுதிய நூலால் 'பேலியோ' என்னும் பெயர் பரவியது. தமிழில் நியாண்டர் செல்வன் எழுதிய 'பேலியோ டயட்' நூல் அதனை நம் வீடுகளுக்குள் கொண்டு வந்தது. ஆக, வழக்கு பழையது, வழக்காடுவோரே புதியவர்கள்!

ஆய்வுகள் உரைப்பது என்ன?

இரு தரப்பிலும் உண்மை உண்டு என்பதே நேர்மையான விடை.

மாவுச்சத்தைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை குறையும், இதில் ஐயமில்லை. ஒரு கிண்ணம் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து உள்ளது. ஒரு முட்டையில் ஒரு கிராம்கூட இல்லை. 2021-இல் 23 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிஞர்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்களில் மற்றவர்களைவிடக் கூடுதலானோர் ஆறு மாத முடிவில் நோயின் பிடியிலிருந்து தணிவு பெற்றிருந்ததைக் கண்டனர். ஆனால் ஓராண்டு முடிவில் அந்நன்மை பெரிதும் குறைந்துவிட்டது. கடுமையான விரதத்தைத் தொடங்குவது எளிது, தொடர்வது அரிது என்பதை நாம் அறிவோமே!

2017-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வொன்று வேறொரு வாயிலைத் திறந்தது. நோய் கண்டு ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்டவர்களுக்குச் சில மாதங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி மட்டுமே தந்து உடல் எடையைக் குறைத்தனர். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 விழுக்காட்டினர் மருந்தின்றியே நலமாக இருந்தனர். எடை குறைவதே இங்கே திறவுகோல்.

நம் நாட்டுக் கணக்கு என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நடத்திய ஆய்வின்படி, 2023-இல் வெளியான தகவலில், நாட்டில் நீரிழிவாளர் 10 கோடிக்கும் மேல். தமிழகத்தில் 14.4 விழுக்காடு, அண்டையிலுள்ள புதுச்சேரியில் 26.3 விழுக்காடு! இந்தியர்கள் உண்ணும் சக்தியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. இதனை 49 முதல் 54 வரையாகக் குறைத்து, புரதத்தை 20 விழுக்காட்டளவுக்கு உயர்த்தினால் புதிதாக நோய் கண்டவர் தணிவு பெற வழியுண்டு என்பது அவ்வாய்வாளர்களின் 2022-ஆம் ஆண்டுக் கணிப்பு. சோற்றைத் துறக்கச் சொல்லவில்லை; ஒரு பங்கைக் குறைத்து அவ்விடத்தில் பருப்பு, மீன், முட்டை, கோழி ஆகியவற்றை வைக்கச் சொல்கின்றனர்.

எந்த மூதாதையர்?

முன்னோர் உணவு என்கிறார்களே, எந்த முன்னோர்? தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 எனக் கணிக்கப்பட்டுள்ளது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் சோறுண்டவன்! வெள்ளாற்று அணையும் வீராணம் ஏரியும் வளப்படுத்தும் நம் சேத்தியாத்தோப்புப் பக்கம் நெல்லும் கரும்புமே வாழ்வு. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் இங்கேதான் உண்டு. ஆனால் அந்த முன்னோர் தவிடு நீக்காத கைக்குத்தல் அரிசியை உண்டனர். பொழுது சாயும் வரை உழைத்தனர். நாம் தீட்டிய வெள்ளரிசியை உண்டு, வாகனத்தில் சென்று, அமர்ந்தே வேலை செய்கிறோம். மாறியது சோறு மட்டுமன்று, நாமுந்தான்.

நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்தில் மாதக்கணக்கில் அடுப்பு எரியாமல் பேரீச்சம்பழமும் தண்ணீருமே உணவாக இருந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். வாற்கோதுமை ரொட்டியே அங்கு வழக்கமான உணவு. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் விடுமாறு அண்ணலார் வழிகாட்டினார்கள். உணவின் பெயர் எதுவாயினும் இந்த அளவுகோல் தவறாது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது: மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்க விரும்புவோர் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்சுலின் அல்லது சில வகை மாத்திரை எடுப்போருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடும். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை உண்போருக்கு இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்தும் உண்டு. சிறுநீரகம் பழுதானவர்கள் புரதத்தைத் தாமாகக் கூட்டிக்கொள்ளலாகாது.

இரண்டாவது: "அளவோடு" என்பதை நாவால் அளக்காதீர்கள், தட்டால் அளங்கள். தட்டில் பாதி காய்கறி, கீரை. கால் பங்கு புரதம். எஞ்சிய கால் பங்கே சோறு. ஸஹனில் உண்ணும்போது அளவு தெரியாது. ஆதலின் உங்கள் பங்கை முதலிலேயே ஒரு சிறு தட்டில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கலந்து மருந்தளவைத் திருத்திக்கொள்ளுங்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பது பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் முடிவு. அளவு 70-க்குக் கீழ் இறங்கினாலோ 300-க்கு மேல் ஏறினாலோ நோன்பை விட்டுவிடும்படி மருத்துவ உலகம் கூறுகிறது. நோயாளிக்கு அல்லாஹ் அளித்த சலுகையை மறுத்து உயிரைப் பணயம் வைப்பது பக்தியாகாது.

இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை: நோயாளிக்கெனத் தனியாகச் சமைத்து அவரை ஒதுக்கிவிடாதீர்கள். வீட்டார் அனைவருக்கும் காயும் பருப்பும் கூடுதலாக இருக்கட்டும். பிள்ளைகளுக்கும் அதுவே காப்பு.

சகோதரர் இருவரும் இப்பொழுது ஒன்றாகவே மருத்துவரிடம் செல்கின்றனர். அண்ணனின் மாத்திரை குறைக்கப்பட்டது. மதியம் ஒரு கரண்டிச் சோறு சேர்ந்தது. தம்பியின் வட்டலப்பம் நின்றது; அஸருக்குப் பின் அணைக்கட்டு வரை நடக்கிறார்; புண்ணும் ஆறி வருகிறது. விவாதம் மட்டும் ஓயவில்லை!

உடலும் ஓர் அமானிதமே. அதனைப் பேணும் அறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.