பெருநாள் கறியும் மறுநாள் அடுப்பும்

துல்ஹஜ் பிறை 9 அன்று ஃபஜ்ருத் தொழுகையில் தொடங்கிப் பிறை 13 அன்று அஸர் வரை, ஒவ்வொரு ஃபர்ளுத் தொழுகைக்குப் பின்னரும் நம் பள்ளிவாசல்களில் தக்பீர் முழங்குகின்றது. ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்து வரும் 11, 12, 13 ஆகிய மூன்று நாட்களுக்கும் ‘அய்யாமுத் தஷ்ரீக்’ என்று பெயர். பெயரைக் கேள்விப்படாத முஸ்லிம் இல்லை. பொருளைக் கேட்டால்தான் பலரும் சற்றுத் திகைப்பர். குர்பானி இறைச்சியைக் கீற்றுக் கீற்றாக அரிந்து வெயிலில் இட்டு உலர்த்துவதற்கு அரபு மொழியில் ‘தஷ்ரீக்’ என்று பெயர். அதனாலேயே அந்நாட்களுக்கு இப்பெயர் வந்தது என்பது மொழியறிஞர் பலர் தரும் விளக்கமாகும். பெருநாளில் உண்டு எஞ்சிய கறியை என்ன செய்வது என்ற கேள்வி, பாருங்கள், நம் மார்க்க நாட்காட்டியிலேயே பெயராக அமர்ந்திருக்கின்றது!

அந்நாட்களில் நோன்பு நோற்றல் ஆகாது. அவை உண்பதற்கும் பருகுவதற்கும் இறைவனை நினைவு கூர்வதற்கும் உரிய நாட்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஆகவே பெருநாளின் மறுநாளும் அதற்கு மறுநாளும் அடுப்படிக்கு ஓய்வில்லை. முதல்நாள் சமைப்பதில் உங்களுக்குச் சிரமம் இருக்கலாம், குழப்பம் இராது. குழப்பமெல்லாம் இரண்டாம் நாள் காலையில்தான். பெரிய தேக்சாவின் அடியில் பிரியாணி, ஒரு சட்டியில் ஆணம், இன்னொன்றில் வறுவல், தாம்பாளத்தில் இன்னும் சமைக்காத எலும்பும் கொழுப்பும், குளிர்பதனப் பெட்டியிலோ கை நுழைய இடமில்லை. பிள்ளைகள் எட்டிப் பார்த்து, “இன்றைக்கும் கறிதானா?” என்று முகம் சுளிக்கின்றனர்.

அதை என்னவாக மாற்றுவது என்று சொல்லுமுன், அதில் எது நமக்குரியது என்பதைப் பார்ப்போம்.

அண்ணலார் (ஸல்) அவர்கள் காலத்தில் ஓர் ஆண்டு, பெருநாளையொட்டி வறிய நாட்டுப்புறத்து மக்கள் கூட்டமாக மதீனாவுக்கு வந்தனர். அவ்வாண்டு குர்பானி இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் எவரும் வைத்திருக்கலாகாது, எஞ்சியதைத் தர்மம் செய்துவிட வேண்டும் என்று பெருமானார் ஆணையிட்டார்கள். மறு ஆண்டு மக்கள் வந்து, முன்பெல்லாம் குர்பானித் தோலில் தண்ணீர்ப் பை செய்வதையும் கொழுப்பை உருக்கி வைப்பதையும் சொல்லி, இப்போது தடை இருக்கின்றதே என்று தயங்கினர். வந்திருந்த அந்த ஏழைகளுக்காகவே தாம் தடுத்ததாகவும், இனி உண்ணலாம், சேமிக்கலாம், தர்மமும் செய்யலாம் என்றும் பெருமானார் விளக்கினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

சேமிக்க அனுமதி உண்டு; ஐயமில்லை. ஆனால் அந்த அனுமதி பிறந்த வரலாற்றை நினைத்துக் கொண்டு உங்கள் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஏழைக்கு எண்ணிக் கொடுத்த நான்கு துண்டுகளையும், நமக்கென்று உறையவைத்த நாலைந்து பொட்டலங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கத் துணிவு வேண்டும். மூன்று பங்கு வைத்து ஒன்றை ஏழைகளுக்கும் ஒன்றை உறவினர், அண்டை அயலாருக்கும் ஒன்றை வீட்டுக்கும் என்று பகிர்வது விரும்பத்தக்க முறையென நம் உலமாக்கள் காலங்காலமாகச் சொல்லி வருகின்றனர். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: ஏழைக்குரியதைச் சமைக்காத பச்சை இறைச்சியாகவே கொடுத்தாக வேண்டும், ஆக்கிய சோற்றைக் கொடுத்து அக்கடமையைக் கழிக்க முடியாது. தமக்கு வேண்டியவாறு சமைத்துக் கொள்ளும் உரிமை வாங்குகிறவருக்கும் உண்டல்லவா?

இதை எழுதும் நான் இவ்விஷயத்தில் குற்றமற்றவனல்லன். சில ஆண்டுகளுக்கு முன், பெருநாளின் மூன்றாம் நாள். இரண்டு முறை சூடாக்கிய பிரியாணியை எங்கள் வீட்டில் எவரும் தொடவில்லை. வீணாக்குவது பாவம் என்று மிகுந்த பக்தியோடு அதைத் தூக்குச் சட்டியில் நிரப்பி, பாத்திரம் துலக்க வரும் அம்மாளிடம் நீட்டினேன். அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். “இது எப்பச் சோறு ஐயா?” என்று கேட்டார். கோபமில்லை, வீட்டில் சிறு குழந்தை இருக்கின்றது, அதற்காகக் கேட்டார். எனக்கு விடை சொல்ல நா எழவில்லை. நம் பிள்ளைக்கு ஆகாததென்று ஒதுக்கியதை அவர் பிள்ளைக்குத் தர்மமென்று கொடுத்தேன்.

தாமே வாங்க நேர்ந்தால் கண்ணை மூடிக்கொண்டல்லாமல் வாங்க மாட்டாத மட்டமான பொருளைத் தர்மத்துக்கென்று தேடாதீர்கள் என்ற கருத்தில் திருமறையின் இரண்டாம் அத்தியாயம் 267-ஆம் வசனம் எச்சரிக்கின்றது. மதீனாவில் ஏழைகள் உண்பதற்காகப் பள்ளிவாசலில் பேரீச்சங் குலைகளைத் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. சிலர் வற்றலும் சொத்தையுமான குலைகளைக் கொண்டு வந்து மாட்டினர். அவ்வேளையில் அருளப்பட்ட வசனம் இது என்று பராஉ (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். என் தூக்குச் சட்டியும் அந்தக் குலைகளில் ஒன்றுதான். அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு முறை வைத்துக்கொண்டோம். பிறருக்குரியது முதல் நாள் முதல் அகப்பையில் போய்விடும். எஞ்சியது எதுவாயினும் அது எங்கள் பாடு. அதை உண்ணும்படி ஆக்குவது எங்கள் கைத்திறன்.

அந்தக் கைத்திறனுக்கு நபிகளார் காலத்து உணவிலேயே முன்மாதிரி உண்டு. மதீனாவில் தையற்காரர் ஒருவர் பெருமானார் (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். அவர் வைத்தது வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்பிட்டு உலர்த்திய இறைச்சியும் இட்ட குழம்பும். பெருமானார் தட்டின் ஓரங்களில் சுரைக்காயைத் தேடியெடுத்து உண்டதைக் கண்ட அனஸ் (ரலி) அவர்கள், அன்று முதல் தமக்கும் சுரைக்காய் பிரியமாகிவிட்டது என்றார்கள். அந்த உலர்ந்த இறைச்சிக்கு அரபியில் ‘கதீத்’ என்று பெயர். நம் ஊர் உப்புக்கண்டம். பெருமானார் முன் அச்சத்தால் நடுங்கிய ஒருவரிடம், தாம் மன்னரல்லர், கதீத் உண்டு வாழ்ந்த ஒரு பெண்ணின் மகனே என்று சொல்லி அவர் நடுக்கத்தைத் தணித்தார்கள் என்றும் செய்தி உண்டு. எளிய மக்களின் சேமிப்புணவு அது.

ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் ஊறவைக்கும் ‘ஸரீத்’ பெருமானார் மிக விரும்பிய உணவு. எகிப்து நாட்டில் இன்றும் ஹஜ்ஜுப் பெருநாள் என்றால் ‘ஃபத்தா’ தான்: காய்ந்த ரொட்டித் துண்டுகளை அடியில் பரப்பி, இறைச்சி வெந்த சாற்றை ஊற்றி, மேலே சோறும் கறியும் வைத்து, பூண்டும் காடியும் சேர்த்துத் தாளித்துக் கொட்டுகின்றனர். இது நமக்குப் புதிதன்று. நேற்றைய பரோட்டா விறைத்துக் கிடக்கின்றதா? பிய்த்து அகன்ற தட்டில் போடுங்கள். நேற்றைய ஆணத்தில் இரண்டு தம்ளர் தண்ணீர் சேர்த்து நன்றாகக் கொதிக்கவிட்டு, ஒரு தக்காளியும் கொத்துமல்லித் தழையும் இட்டு, சூட்டோடு அதன்மேல் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவையுங்கள். பல்லில்லாத பெரியவரும் பல் முளைக்காத பிள்ளையும் ஒரே சஹனில் உண்ணலாம். இடியாப்பத்துக்கும் இது பொருந்தும். ஆனால் ஊறவிடாதீர்கள், களியாகிவிடும்.

ஆணத்தை வற்ற வைப்பது இன்னொரு வழி. நம் பாட்டிமார் இரவு ஒரு கொதி, காலை ஒரு கொதி என்று மண்சட்டியில் சுண்டவைத்தனர். மூன்றாம் கொதியில் மசாலா கறியோடு ஒட்டி, எண்ணெய் பிரிந்து, ஒரு கருமை ஏறும். இரண்டு இட்லிக்கு அதில் ஒரு கரண்டி போதும். வாரக்கணக்கில் குளிர்பதனப் பெட்டியில் உறைந்து கிடக்கும் ஆணத்துக்கு அந்தச் சுவை வருவதில்லை என்பது என் கட்சி, மறுப்போர் மறுக்கட்டும்.

வறுவலில் எஞ்சிய துண்டுகளை எலும்பு நீக்கி அம்மியிலோ மிக்ஸியிலோ ஒரு சுற்று அரைத்து, பொட்டுக்கடலை மாவும் வெங்காயமும் சோம்பும் சேர்த்துக் கோளா உருண்டையாகப் பொரித்தால், காலையில் முகம் சுளித்த பிள்ளைகளே தட்டைச் சுற்றி நிற்பர். எலும்புக்குத் தாளிச்சா இருக்கின்றது. துவரம்பருப்பு, கத்தரிக்காய், மாங்காய், புளி இவற்றோடு எலும்பு வெந்து இறங்கும் சாறு, நெய்ச்சோற்றுக்குத் துணையாகப் பிறந்ததென்றாலும் வெறுஞ்சோற்றோடு இரண்டாம் நாள் உண்ணும்போதுதான் வயிற்றுக்கு இதமாக இருக்கின்றது. கத்தரிக்காய்க்குப் பதிலாகச் சுரைக்காய் போடுங்கள். மதீனாவின் தையற்காரர் வீட்டை நினைத்துக்கொண்டே உண்ணலாம்.

பிரியாணியைப் பற்றி மட்டும் கண்டிப்பாக ஒரு சொல். எஞ்சியதை இரவெல்லாம் தேக்சாவிலேயே மூடிவைத்து, காலையில் தணலில் வைத்துச் சூடாக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது தவறு. அரிசியில் இயல்பாகவே இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் சோறு கொதிக்கும்போதும் அழிவதில்லை. வெதுவெதுப்பில் பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் நீங்காது. ஆகவே விருந்து முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள், எஞ்சிய பிரியாணியை அகன்ற தட்டுகளில் பரப்பி ஆறவைத்து, சிறு சிறு பாத்திரங்களாகக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் ஒரே ஒருமுறை ஆவி பறக்கச் சூடாக்கி உண்டு முடியுங்கள். முட்டையை உடைத்து ஊற்றி, மிளகுத்தூள் தூவி, வாணலியில் கிளறினால் புதுச் சமையலாகவே தோன்றும். கெட்டுப்போனதென்று ஐயம் தோன்றினால், வீண்விரயம் என்ற அச்சத்தால் அதை வயிற்றில் கொட்டாதீர்கள். தேவைக்கு மேல் ஆக்கியபோதே விரயம் நடந்துவிட்டது. அடுத்த ஆண்டு ஒரு படி அரிசியைக் குறையுங்கள்.

இனி உப்புக்கண்டம். பெருமானார் (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜின்போது தம் குர்பானி இறைச்சியைப் பக்குவப்படுத்தி வைக்குமாறு ஸவ்பான் (ரலி) அவர்களைப் பணித்தார்கள்; மதீனா போய்ச் சேரும்வரை அதிலிருந்தே பரிமாறியதாக ஸவ்பான் கூறுகின்றார்கள். மக்காவிலிருந்து மதீனா சுமார் 450 கிலோமீட்டர்; ஒட்டகப் பயணம். மினாவில் இலட்சக்கணக்கில் அறுக்கப்படும் ஆடுகளின் இறைச்சி வீணாகாமலிருக்கச் சவூதி அரசு 1983-ஆம் ஆண்டு தனித் திட்டமே தொடங்கியது. இஸ்லாமிய வளர்ச்சி வங்கியின் பொறுப்பில் அந்த இறைச்சி உறையவைக்கப்பட்டுப் பல நாடுகளின் ஏழைகளுக்குக் கப்பலேறியது. நம் வீட்டு மொட்டைமாடிக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரு நூல்கண்டும் சணல் ஊசியும் போதும்.

எலும்பும் கொழுப்பும் இல்லாத தொடைக்கறியாக ஒரு கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு காயாது, காறல் நாற்றம் ஏறும். அதைச் சுட்டுவிரல் பருமனுக்கு நீளவாக்கில் அரியுங்கள். ஏறத்தாழ 50 கிராம் உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், அரைத்த இஞ்சி பூண்டு இவற்றைப் பிசறி, மூடிய பாத்திரத்தில் குளிர்பதனப் பெட்டியில் ஓரிரவு வையுங்கள். காலையில் ஊசியில் நூல் கோத்து, துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டுக் கோர்த்து, காகமும் ஈயும் அண்டாதபடி மெல்லிய துணியால் மூடி, நல்ல வெயிலில் கொடியில் கட்டுங்கள். மாலையில் உள்ளே எடுத்து வந்துவிட வேண்டும்; பனி படலாகாது. நான்கைந்து நாள் வெயிலில், வளைத்தால் ஒடியும் அளவுக்கு விறைத்துவிடும். பெருநாள் ஆண்டுக்குச் சுமார் 11 நாட்கள் முன்னே நகர்கின்றது. 2025-இல் ஜூன் 7 அன்று வந்தது, அடுத்த சில ஆண்டுகளில் மே, ஏப்ரல் என்று முழுக் கோடையிலேயே விழும். உப்புக்கண்டத்துக்கு இதைவிட வாய்ப்பான காலம் ஏது?

மொராக்கோ நாட்டுக் குடும்பங்கள் பெருநாள் கறியை இவ்வாறே உலர்த்தி, ஒரு மாதம் கழித்து முஹர்ரம் பிறை 10 ஆஷூரா அன்று குஸ்குஸ் உணவோடு சமைக்கின்றன. நீங்களும் கோர்த்த மாலையில் பாதியை அதுவரை காற்றுப் புகாத புட்டியில் பத்திரப்படுத்துங்கள். பிறை 9-உம் 10-உம் நோன்பு நோற்க எழும் ஸஹர் நேரத்தில், நான்கு துண்டுகளை வெந்நீரில் சற்று ஊறவைத்து அம்மியில் நைத்து, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு வதக்கிச் சுடுசோற்றில் போட்டுப் பிசையுங்கள். உப்பு தூக்கலாகத்தான் இருக்கும். பகலில் தாகம் எடுக்காதிருக்க ஒரு கிண்ணம் மோரும் பக்கத்தில் இருக்கட்டும்.