ஓர் அரசைத் தொண்ணூறு நாள் நிறுத்திவைப்பது எப்படி?

மக்கள் ஓட்டுப் போட்டு அமைத்த ஓர் உள்ளூர் அரசு. அதன் தலைவருக்கும் மன்றத்துக்கும் தீராத சண்டை. பட்ஜெட் நிறைவேறவில்லை, ஆஸ்பத்திரிக்கும் சாலைக்கும் போக வேண்டிய பணம் நின்றுவிட்டது. மேலே இருக்கிற அரசு அதைக் கலைக்கலாமா? கலைக்கலாம் என்றால், அந்த அதிகாரத்தை யார் கையில் கொடுப்பது? இந்தச் சிக்கலுக்குக் கென்யா எழுதிவைத்திருக்கும் விடை, சட்டம் படிக்காதவரையும் வியக்கவைக்கும்.

கென்யாவுக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. 1983இல் அந்நாட்டு அரசு நைரோபி மாநகர மன்றத்தைக் கலைத்தது. அரசு நியமித்த ஆணையம் நகரை நடத்தத் தொடங்கியது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் திரும்பி வந்தபோது ஆண்டு 1992. இடையில் ஒன்பது ஆண்டுகள், தலைநகர மக்கள் தங்கள் நகரை நடத்துபவர்களைத் தாங்களே தேர்ந்தெடுக்க முடியவில்லை.

2010இல் நாட்டுக்குப் புதிய அரசமைப்புச் சட்டம் வந்தது. அது கென்யாவை 47 கவுன்டிகளாகப் பிரித்தது. கவுன்டி என்பது தனக்கென அரசு உள்ள மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் மக்களே தேர்ந்தெடுக்கும் ஓர் ஆளுநர், ஒரு மன்றம். 2013 மார்ச்சில் முதல் தேர்தல் நடந்தது. இந்த அரசுகளை எப்போது, எப்படி நிறுத்திவைக்கலாம் என்று சொல்வது 192ஆம் பிரிவு. இதற்குப் பெயர் ‘இடைநிறுத்தம்’: கவுன்டி அரசின் அதிகாரத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எடுத்து வைப்பது.

வழிகள் இரண்டு. உள்நாட்டு மோதலாலோ போராலோ நெருக்கடி நேர்ந்தால் ஒரு வழி. அங்கே விசாரணைக்கு அவகாசம் இருக்காது என்பதால் விசாரணை ஆணையம் கட்டாயமில்லை. மற்ற அசாதாரணச் சூழல்களுக்கு இன்னொரு வழி. நுட்பமெல்லாம் இந்த இரண்டாவது வழியில்தான்.

அது தொடங்குவது அதிபர் மாளிகையில் அல்ல, தெருவில். 2012ஆம் ஆண்டின் கவுன்டி அரசுகள் சட்டப்படி, அந்தக் கவுன்டியின் வாக்காளர்களில் குறைந்தது 10 சதவீதம் பேர் கையெழுத்திட்ட மனு வேண்டும். மூன்று லட்சம் வாக்காளர்கள் உள்ள கவுன்டி என்றால் 30,000 கையெழுத்து. நாலு பேர் கூடி எழுதிய புகாரை வைத்து ஓர் அரசை அசைக்க முடியாது.

மனுவில் நியாயம் இருப்பதாக அதிபர் கருதினால், 14 நாட்களுக்குள் அதை உச்சி மன்றத்தின் முன் வைக்க வேண்டும். அதிபரும் 47 ஆளுநர்களும் உட்காரும் அவை அது. இன்று ஒரு கவுன்டிக்கு நேர்வது நாளை தனக்கும் நேரலாம் என்று தெரிந்தவர்களிடம்தான் முதல் ஒப்புதலை வாங்க வேண்டும்!

அதையும் கடந்தால் சுதந்திரமான விசாரணை ஆணையம். குற்றச்சாட்டுகள் உண்மையா என்று அது நேரில் கேட்டு ஆராய்கிறது. அறிக்கை வந்த பிறகு, குற்றச்சாட்டுகள் நியாயமானவை என்று அதிபருக்கு உறுதிப்பட வேண்டும். உறுதிப்பட்டாலும் அவர் தானே கையெழுத்துப் போட்டு நிறுத்திவிட முடியாது. செனட் அனுமதிக்க வேண்டும். செனட் என்பது கவுன்டிகளின் சார்பில் பேசும் மேலவை. கவுன்டிகளைத் தொடும் விஷயங்களில் அங்கே தலைக்கு ஓர் ஓட்டு இல்லை, கவுன்டிக்கு ஓர் ஓட்டு. 47இல் 24 கிடைத்தால்தான் தீர்மானம் நிறைவேறும். மக்கள், உச்சி மன்றம், ஆணையம், அதிபர், செனட் என்று ஐந்து இடங்கள். எந்த இடத்திலும் இது நின்றுபோகலாம்.

இன்னொரு நுட்பம், யாரை நிறுத்துகிறார்கள் என்பதில் இருக்கிறது. ஆளுநர் ஒருவரை மட்டும் பதவிநீக்கம் செய்ய வேறு வழி உண்டு. நைரோபி ஆளுநர் மைக் சொன்கோ 2020 டிசம்பரில் அப்படித்தான் பதவி இழந்தார். இடைநிறுத்தமோ ஆளுநரையும் மன்றத்தையும் சேர்த்தே நிறுத்திவைக்கிறது. ஆளுநரை விரட்ட மன்றம் இதைக் கையில் எடுத்தால், மன்ற உறுப்பினர்களின் நாற்காலியும் போகும். மன்றத்தை அடக்க ஆளுநர் எடுத்தால் அவர் பதவியும் ஆட்டம் காணும். ஒருவர் மற்றவர் மீது வீசும் ஆயுதமாக இது மாறாமலிருக்க இதைவிட நல்ல காப்பு ஏது?

ஏறுவது இவ்வளவு கடினம் என்றால், இறங்குவது நேர்மாறாக எளிது. இடைநிறுத்தம் 90 நாட்களைத் தாண்டக் கூடாது. குறுவை நெல்லை விதைத்து அறுக்கக்கூட அதைவிடக் கூடுதல் நாள் ஆகும். அதுவரை அன்றாட நிர்வாகத்தை ஓர் இடைக்காலக் குழு பார்த்துக்கொள்ளும். 90 நாள் முடிந்தால் அந்தக் கவுன்டிக்குப் புதிய தேர்தல். அதற்கு முன் எந்த நாளிலும் செனட் இடைநிறுத்தத்தை ரத்து செய்யலாம். நைரோபியின் ஒன்பது ஆண்டுகளுக்குப் பக்கத்தில் இந்தத் தொண்ணூறு நாட்களை வைத்துப் பாருங்கள், வேறுபாடு விளங்கும்.

ஏட்டில் அழகாக இருப்பது நாட்டில் நடக்குமா? மக்குவேனி கவுன்டி அதைச் சோதித்துப் பார்த்தது. பட்ஜெட் தகராறில் ஆளுநர் கிவுத்தா கிப்வானாவும் மன்றமும் முட்டிக்கொண்டார்கள். 2014 செப்டம்பரில் வோட்டே நகரில் ஆளுநர் அலுவலக வளாகத்தில் துப்பாக்கிச் சூடே நடந்து, சிலர் காயமடைந்தார்கள். மக்கள் கையெழுத்துத் திரட்டி மனு கொடுத்தார்கள்.   வழக்கறிஞர் முகமது நியாவோகா தலைமையிலான ஆணையம் விசாரித்து, இடைநிறுத்தத்தைப் பரிந்துரைத்தது. ஆனால் 2015 செப்டம்பரில் அதிபர் உஹுரு கென்யாட்டா அதை ஏற்க மறுத்துவிட்டார். விஷயம் செனட்டுக்குப் போகவே இல்லை.

அப்படியானால் இத்தனை உழைப்பும் வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. சண்டை தெருவிலிருந்து விசாரணை மேசைக்கு வந்தது. இரு தரப்பும் சாட்சியத்தோடு பேச வேண்டியதாயிற்று. பிறகு 2017 தேர்தலில் மக்குவேனி மக்கள் கிப்வானாவையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். இந்த நடைமுறையின் உண்மையான சாமர்த்தியம் இங்கேதான் தெரிகிறது. அதிபர் மறுத்தால் அடுத்த தேர்தல் வரை பழைய அரசு. செனட் ரத்து செய்தால் மீண்டும் மக்கள் அமைத்த அரசு. 90 நாள் ஓடிவிட்டால் புதிய தேர்தல். எந்த வழியில் போனாலும் பாதை வாக்குச்சாவடியில்தான் முடிகிறது. ஓர் அரசை நிறுத்தும் அதிகாரத்தைச் சட்டம் கொடுக்கலாம். அந்த அரசை மக்களிடமிருந்து பறித்துக்கொள்ளும் அதிகாரத்தை மட்டும் யாருக்கும் கொடுக்கக் கூடாது.