பட்டாளத்துப் பந்தும் மட்டையும்: ஓர் ஐக்கிய பண்டகசாலையின் வரலாறு

உழைக்கும் மனிதன் ஒவ்வொருவனுக்கும் ஓய்வு வேளை ஒன்று உண்டு. உழவனுக்கு அறுவடை முடிந்த பின்னும், நெசவாளிக்குப் பாவு அறுத்த பின்னும் கிட்டும் அவ்வேளை, சிப்பாய்க்கும் போலீஸ் ஜவானுக்கும் அணிவகுப்பும் காவல் முறையும் முடிந்தபின் கிட்டுகிறது. அப்பொழுது கைக்கெட்டும் இடத்தில் பந்தும் மட்டையும் புத்தகமும் இருந்தால் பொழுது ஒரு விதமாகக் கழியும். குடியையும் சூதையும் தவிர வேறொன்றும் இல்லாதிருந்தால் வேறு விதமாகக் கழியும்.

பட்டாளத்தார் ஓய்வு வேளையில் உபயோகித்த விளையாட்டுச் சாமான்கள் யாருடைய பணத்தைக் கொண்டு வாங்கப்பட்டன என்று விசாரித்தால், பெரும்பாலும் அதற்கு விடை பட்டாளத்துக் கடையின் கணக்குப் புத்தகத்தில் அகப்படும். 'காண்டீன்' என்று வழங்கும் அக்கடையின் வரலாற்றில் முக்கியமான ஒரு பகுதி ஓர் ஐக்கிய சங்கத்தின் வரலாறேயாகும். ஆகையால் கிராமச் சங்கங்களின் அங்கத்தினர்கள் அதனை அறிந்துகொள்வது மிகவும் பயன் தரும்.

குத்தகைக் கடை

1790-களில் பிரான்ஸ் தேசத்துடன் யுத்தம் மூண்ட காலத்தில், இங்கிலாந்தில் சேனைகள் தங்குவதற்குக் கொட்டடிகள் பல கட்டப்பட்டன. கொட்டடிதோறும் ஒரு கடை ஏற்பட்டது. அக்கடை அதிகத் தொகை கேட்டவனுக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகைக்காரன் தான் கட்டிய தொகையை மீட்பதற்குச் சாராயத்தையே பெரிதும் நம்பினான். மாலையில் சிப்பாய்க்குப் போக்கிடம் வேறில்லாமையால், அவன் கூலியின் பெரும்பகுதி அக்கடைக்கே போய்ச் சேர்ந்தது. குடித்தவன் தண்டனைக்குள்ளானான், குடிக்கத் தூண்டிய ஏற்பாட்டை மாற்ற வேண்டுமென்று நெடுநாள் வரையில் எவருக்கும் தோன்றவில்லை.

நாளடைவில் மேலதிகாரிகள் இதனை உணரத் தொடங்கினர். 1830-களின் இறுதியில் கொட்டடிகளில் புத்தகசாலைகள் ஏற்படலாயின. 1841-ம் வருஷத்தில் பிரதம சேனாதிபதியாயிருந்த ஹில் பிரபு, ஒவ்வொரு கொட்டடியை அடுத்தும் கிரிக்கெட் மைதானம் ஒன்று அமைக்கப்பட வேண்டுமென்று உத்தரவு செய்தார். அதே பத்தாண்டின் இறுதியில் பட்டாளத்துக் கடைகளில் சாராயம் விற்பது தடுக்கப்பட்டது. பீர் மாத்திரம் நின்றது.

மைதானத்தை அரசாங்கம் கொடுத்துவிடலாம். ஆனால் மைதானம் மட்டும் இருந்தால் ஆட்டம் நடவாது. மட்டை முறியும், பந்து தேயும், வலை கிழியும். விளையாட்டுச் சாமான் என்பது ஒரு முறை வாங்கி வைத்துவிடும் பொருளன்று. வருஷந்தோறும் புதுப்பிக்கவேண்டிய பொருள். ஆகவே அதற்கு வருஷந்தோறும் ஊறிவரும் வருமானம் ஒன்று வேண்டும். அவ்வருமானம் கடையிலிருந்து கிடைத்தது.

ஒரு ஷில்லிங்கும் ஒரு கடையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் காலாட்படைச் சிப்பாயின் சம்பளம் நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்னி. அரசாங்கம் அவனுக்கு ஒரு ராத்தல் ரொட்டியும் முக்கால் ராத்தல் மாமிசமும் இலவசமாகக் கொடுத்தது. தேயிலை, சர்க்கரை, வெண்ணெய், காய்கறி முதலியவற்றை அவன் தன் சம்பளத்திலிருந்தே வாங்கவேண்டும். வெளுப்புக்கூலி முதலிய பிடித்தங்களும் உண்டு. ஆகையால் பென்னி ஒவ்வொன்றும் அவனுக்கு அருமையானது.

1860-களிலிருந்து, பட்டாளமே தன் கடையைத் தானே நடத்திக்கொள்ளும் முறை பரவிற்று. அதிகாரிகள் அடங்கிய ஒரு கமிட்டி அதனை மேற்பார்வையிட்டது. ஒரு புறம் பீர் விற்கும் அறை, ஒரு புறம் மளிகைக் கடை, அவற்றோடு காபி அறை, புத்தகசாலை, விளையாட்டறை ஆகியவை சேர்ந்தன. கடையில் மிஞ்சிய லாபம் பட்டாளத்தின் பொது நிதிக்குச் சேர்ந்து, அதிலிருந்து பத்திரிகைகளும், கிரிக்கெட் கால்பந்துச் சாமான்களும், பில்லியர்ட்ஸ் மேஜைகளும் வாங்கப்பட்டன.

அதன் கணக்கை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 100 சிப்பாய்கள் நாளொன்றுக்கு ஆளுக்கு 3 பென்னி வீதம் கடையில் செலவிட்டால் ஒரு நாள் விற்பனை 25 ஷில்லிங். ஒரு வருஷத்தில் அது 456 பவுனுக்கு மேல் ஆகிறது. அதில் நூற்றுக்கு ஐந்து மிஞ்சினாலும் 22 பவுனுக்கு மேற்பட்ட தொகை கிடைக்கும். தனியாக ஒருவனிடம் கேட்டால் பந்து வாங்க ஒரு ஷில்லிங் கொடுக்கத் தயங்குவான். அவன் தேயிலை வாங்கும்போதே அத்தொகை அவனறியாமல் சேர்ந்துவிடுகிறது. ஐக்கிய பண்டகசாலையின் பலமும் இதுவே.

மீண்டும் குத்தகை

இம்முறை நன்றாயிருந்தும் நிலைக்கவில்லை. கடையை நடத்துவது அதிகாரிகளுக்குத் தொல்லையாகத் தோன்றிற்று. சரக்குக் கொள்முதல், இருப்புக் கணக்கு, சேதாரம் ஆகியவற்றைக் கவனிக்க அவர்களுக்குப் பயிற்சியுமில்லை, அவகாசமுமில்லை. இதனையறிந்த வியாபாரிகள் முன்வந்து, "கடையை எங்களிடம் ஒப்புவியுங்கள், விற்பனையில் நூற்றுக்கு இவ்வளவு வீதம் உங்கள் நிதிக்குக் கட்டிவிடுகிறோம்" என்றனர். கமிட்டியார் எந்த வியாபாரி அதிக வீதம் சொல்லுகிறான் என்று மாத்திரம் பார்த்தார்கள்.

அதிக வீதம் எங்கிருந்து வரும்? வியாபாரி தன் பெட்டியிலிருந்து கொடுப்பதில்லை. விலையைக் கூட்டியோ, சரக்கின் தரத்தைக் குறைத்தோ சிப்பாயிடமிருந்தே அதனை வாங்கிக் கொடுத்தான். பட்டாளத்தின் நிதி பெருகியதாகக் கணக்குக் காட்டிற்று. சிப்பாயின் தேயிலையோ தரம் குறைந்தது. பந்தும் மட்டையும் வந்தன. ஆனால் அவற்றுக்கு உரிய விலையைப்போல் பல மடங்கு சிப்பாயின் கையிலிருந்து போயிற்று.

மூன்று அதிகாரிகளின் சங்கம்

1894-ம் வருஷத்தில் மூன்று இளம் அதிகாரிகள் இதற்குப் பரிகாரம் தேடினர். அவர்களுள் ஒருவர் 17-வது ஈட்டிக் குதிரைப்படையைச் சேர்ந்த லயனல் ஃபோர்ட்டெஸ்க்யூ என்பவர். 1844-ல் ராச்டேல் நகரத்து நெசவாளிகள் காட்டிய வழியை அவர்கள் பட்டாளத்துக்குப் பொருத்தினர். 'காண்டீன் மற்றும் போஜனசாலைக் கூட்டுறவுச் சங்கம்' என்ற பெயரால் ஒரு சங்கம் பதிவாயிற்று.

அதன் விதிகளைக் கிராமச் சங்கத்தார் எளிதில் கண்டுகொள்வர். பங்குப் பணத்துக்கு அளவான வட்டியே கொடுக்கப்பட்டது. எஞ்சிய லாபம், எந்தப் பட்டாளம் எவ்வளவு வாங்கிற்றோ அந்த விகிதப்படி அப்பட்டாளத்துக்கே திரும்பிற்று. மொத்தமாகக் கொள்முதல் செய்ததால் நல்ல சரக்கு நியாய விலைக்குக் கிடைத்தது. ஆசை காட்டும் பெரிய வீதங்களை முன்கூட்டிச் சொல்லச் சங்கத்துக்கு வழியில்லை. வருஷ முடிவில் கணக்குப் பார்த்துத்தான் கொடுக்க முடியும். ஆகையால் தொடக்கத்தில் வியாபாரிகளுடன் போட்டியிடுவது அதற்குக் கடினமாகவே இருந்தது. ஃபோர்ட்டெஸ்க்யூ 1900-ம் வருஷத்தில் தென்னாப்பிரிக்க யுத்தத்தில் மாண்டார். சங்கம் மாளவில்லை. அவருடைய சகோதரரும் பிரிட்டிஷ் சேனையின் சரித்திராசிரியருமான ஜான் ஃபோர்ட்டெஸ்க்யூ, பட்டாளக் காண்டீன்களின் வரலாற்றைப் பின்னர் 1928-ல் நூலாக வெளியிட்டார்.

குத்தகை முறையின் உட்புறம் எத்தகையது என்பது 1914-ல் வெளியாயிற்று. ஒரு பெரிய வியாபாரக் கம்பெனியின் ஊழியர்கள், காண்டீன் குத்தகைகளைத் தங்களுக்கே பெற்றுக்கொள்ளும் பொருட்டுப் பட்டாள அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்துவந்ததாக லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. இரு திறத்தாரிலும் பலர் குற்றவாளிகளெனத் தீர்மானிக்கப்பட்டனர். தரம் குறைந்த சரக்கைப் பற்றி முறையிடும் சிப்பாய், அம்முறையீட்டை விசாரிக்கவேண்டியவரே வியாபாரியிடம் கைநீட்டியவராயிருந்தால், என்ன நியாயத்தைப் பெறமுடியும்?

யுத்தங்களும் பின் விளைவும்

முதல் உலக யுத்தம் மூண்டபின், பட்டாளங்களின் காண்டீன்களை ஒரே ஏற்பாட்டின்கீழ்க் கொண்டுவரவேண்டிய அவசியம் ஏற்பட்டது. 1916-ல் அமைந்த சேனைக் காண்டீன் கமிட்டி, மேற்சொன்ன கூட்டுறவுச் சங்கத்தின் வியாபாரத்தையே தனக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது. 1921-ம் வருஷம் ஜனவரி மாதம் 1-ந் தேதி, முப்படைகளுக்கும் பொதுவாக 'நாஃபி' என்று சுருக்கமாக வழங்கும் ஸ்தாபனம் தொடங்கிற்று. தனி மனிதர் எவருக்கும் லாபம் பங்கிடாத ஸ்தாபனம் அது. மிச்சம் விலைத் தள்ளுபடியாகவும் பட்டாள நிதிகளுக்குக் கொடுக்கும் தொகையாகவும் படைவீரரிடமே திரும்பிற்று. 1939-ல் 600-க்குட்பட்ட காண்டீன்களோடிருந்த நாஃபி, 1944-ல் ஏறக்குறைய 7,000 காண்டீன்களை நடத்திற்று.

இந்தியாவில்

இந்தியாவிலும் கால்பந்தாட்டம் பரவப் பட்டாளங்களே முக்கிய காரணமாயிருந்தன. 1888-ல் சிம்லாப் பிரதேசத்தில் தொடங்கிய டூராண்டு கோப்பைப் போட்டி ஆதியில் பட்டாளத்தாருக்கென்றே ஏற்பட்டது, இன்றும் நடந்துவருகிறது. இத்தகைய ஆட்டங்களுக்கு வேண்டிய சாமான்களைச் செய்யும் தொழில் பஞ்சாபிலுள்ள சியால்கோட்டுக் கைத்தொழிலாளரிடையே வளர்ந்தது. டென்னிஸ் மட்டையும் ஹாக்கிக் கோலும் தோல் பந்தும் அங்கிருந்து பல தேசங்களுக்குச் சென்றன. 1947-ல் தேசம் பிரிந்தபோது அத்தொழிலாளரில் அநேகர் ஜாலந்தருக்கும் மீரட்டுக்கும் குடியேறினர். இந்தியாவில் விளையாட்டுச் சாமான் தொழிலுக்கு இவ்விரு நகரங்களும் இன்றும் பேர்பெற்றவை.

காண்டீன் ஏற்பாடு இந்தியாவில் பல மாறுதல்களை அடைந்து, 1948-ல் காண்டீன் சரக்கு இலாகா என்னும் அரசாங்க இலாகாவாயிற்று. அதற்குட்பட்ட பட்டாளக் கடைகளின் மிச்சத்தில் ஒரு பகுதி படைவீரர் நலத்துக்குத் திரும்புகிறது. மத்தியப் போலீஸ் படைகளுக்கென 2006-ல் அதே மாதிரியில் தனிக் காண்டீன் ஏற்பாடு ஒன்று தொடங்கிற்று. இவை இலாகா ஏற்பாடுகளேயன்றி ஐக்கிய சங்கங்கள் அல்ல. ஆயினும் வாங்குவோரின் பணத்தில் மிஞ்சியது வாங்குவோருக்கே என்ற தத்துவம் அவற்றிலும் காணப்படுகிறது.

அங்கத்தினர்கள் கவனிக்கவேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து கிராமச் சங்கத்தாருக்குக் கிடைக்கும் படிப்பினைகள் பின்வருமாறு:

1. பொது விளையாட்டுச் சாமானுக்கு ஊரில் ஒரு முறை சந்தா வசூலித்தால் ஒரு பந்து வரும். அது கிழிந்ததும் ஆட்டம் நிற்கும். பண்டகசாலை மிச்சத்தில் வருஷந்தோறும் ஒரு சிறு பகுதி ஒதுக்கினால் ஆட்டம் நிலைக்கும். 1912-ம் வருஷத்து இந்திய ஐக்கிய சங்கச் சட்டம், நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கைச் சேமநிதிக்கு ஒதுக்கியபின், எஞ்சியதில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாமல் பொது நன்மைக்குச் செலவிட இடங்கொடுத்தது. அந்த அளவை உதாரணமாகக் கொண்டால், 36,000 ரூபாய் நிகர லாபத்தில் 9,000 சேமநிதிக்குப் போக, எஞ்சிய 27,000-ல் 2,700 ரூபாய் வரையில் கிடைக்கும். தொகை ஒதுக்குமுன் தங்கள் சங்கத்துக்குப் பொருந்தும் சட்டத்தையும் உபவிதிகளையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

2. வாங்கிய சாமான்கள் சங்கத்தின் சொத்து. ஆகையால் இருப்புப் புத்தகத்தில் பதியவேண்டும். யாரிடம் கொடுக்கப்பட்டது, எப்பொழுது திரும்பிற்று, எது பழுதாயிற்று என்பவற்றைக் குறித்து வைக்கவேண்டும். பஞ்சாயத்தார் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு நியாயமும் மற்றவருக்கு ஒரு நியாயமும் கூடாது.

3. அதிகக் கமிஷன் தருவதாகச் சொல்லிக் கடையைத் தன்னிடம் ஒப்புவிக்கக் கேட்கும் வியாபாரி, அக்கமிஷனை எங்கிருந்து எடுப்பான் என்பதை முதலில் விசாரிக்கவேண்டும். அங்கத்தினர் பையிலிருந்தே எடுப்பான் என்பது தெளிவு.

4. சரக்கு வாங்குவோரும் சரக்கைப் பற்றிய புகாரை விசாரிப்போரும் ஒருவராக இருத்தலாகாது. மகாசபையில் கணக்கு உரக்க வாசிக்கப்படவேண்டும். அங்கத்தினர்கள் கேள்வி கேட்கவேண்டும்.

பட்டாளக் கமிட்டியார் கணக்குப் பார்ப்பதைத் தொல்லையென்று விட்டபோதெல்லாம் கடை வியாபாரியின் கைக்குப் போயிற்று. அதற்கு உரிய விலையைக் கொடுத்தவன், கமிட்டியில் இடமில்லாத சிப்பாய். கிராமச் சங்க அங்கத்தினருக்கோ மகாசபையில் இடமும் வாக்கும் உண்டு. மாதம் ஒரு மாலை பண்டகசாலைக்குச் சென்று கணக்கையும் சரக்கையும் பார்த்துவரும் அங்கத்தினர்கள் உள்ள ஊரில், மற்ற மாலைகளில் பிள்ளைகள் ஆடுவதற்குப் பந்துக்குக் குறைவிராது.