முக நரம்புக்குக் காதுக்குள் என்ன வேலை?

முகத்தை அசைக்கிற நரம்பு மூளையிலிருந்து நேராகக் கன்னத்துக்குப் போகலாமே? போகாது. 7-வது கபால நரம்பான இது, கேட்கும் நரம்போடு ஒரே வாசலில் நுழைந்து, காதைச் சுற்றியுள்ள எலும்புக்குள் சுமார் 3 செ.மீ. பயணம் செய்து, இரண்டு இடத்தில் வளைந்து, காதுமடலுக்குக் கீழே வெளியே வருகிறது. அந்தக் குடைவுக்கு 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியரான ஃபலோப்பியோவின் பெயர். கருக்குழாய்க்கு இருக்கிறதே, அதே ஆள்தான்.

காரணம் கருவிலேயே இருக்கிறது. கருவின் கழுத்துப் பக்கம் வரிசையாக வளைவுகள் தோன்றும். அதில் இரண்டாவது வளைவுக்குரிய நரம்பு இது. முகத்தசைகளும், நடுச்செவியின் அங்கவடி எலும்பில் பெரும்பகுதியும், அதை இழுத்துப் பிடிக்கும் குட்டித் தசையும் அதே வளைவிலிருந்து வருபவை. ஆக, நரம்பு காதுக்குள் வழிதவறி நுழையவில்லை. அதன் சொந்தக்காரர்களே அங்கேதான் இருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது இதன் கிளைகள் பிரியும் வரிசை. முதல் வளைவில் கண்ணீர்ச் சுரப்பிக்கு ஒன்று. கீழே இறங்கும்போது அங்கவடித் தசைக்கு ஒன்று. இது போனால் சாதாரண சத்தமே காதில் அறையும். இன்னும் கீழே, நாக்கின் முன்பகுதிச் சுவைக்கு ஒன்று. இந்தக் கடைசிக் கிளை திரும்ப மேலேறி, செவிப்பறைக்குப் பின்னால் சுத்தி எலும்புக்கும் பட்டடை எலும்புக்கும் நடுவே புகுந்து போகும். முகம் கோணியவருக்குச் சுவை போயிருக்கிறது, ஆனால் சத்தம் உறுத்தவில்லை என்றால், பழுது கடைசி இரண்டு கிளைகளுக்கு நடுவில். நம்ம ஊர் பாஷையில், லாக் பார்த்து பக் பிடிக்கிற மாதிரி! நரம்பு அரைகுறையாகப் பழுதானால் இந்தக் கணக்கு தப்பும் என்பதால், இப்போது ஸ்கேனைத்தான் அதிகம் நம்புகிறார்கள்.

நடுச்செவியில் இந்த நரம்பு அங்கவடிக்குச் சற்று மேலே ஓடுகிறது. அங்கே அதை மூடியிருப்பது முட்டை ஓடு போன்ற மெல்லிய எலும்பு. பலருக்குப் பிறவியிலேயே அதில் இடைவெளி உண்டு. நாள்பட்ட சீழ் எலும்பை அரித்தால் அடுத்து நரம்புதான். காதில் சீழ் வடிகிறவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்தால், 'காத்து பட்டிருக்கும்' என்று வீட்டில் உட்காரக்கூடாது. அன்றைக்கே காது மருத்துவரிடம் போக வேண்டும்.